விதைப் படம் உதிராமலும் உளுத்துப்போகாமலும் இருக்க

அட்டையில் பச்சைப் பயறு, கடுகு, புளியங்கொட்டை, காய்ந்த நெற்றுகள் எல்லாம் ஒட்டிச் செய்த படம் நான்கே மாதத்தில் கெட்டுவிட்டது என்கிறீர்கள். விதைகள் உதிர்கின்றன, அட்டை வளைந்துவிட்டது, பச்சை பழுப்பாகிவிட்டது, அடியில் மாவு போல் தூள் கொட்டுகிறது. மேலே வார்னிஷ் அடித்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்கிறீர்கள்.

தப்பியிருக்காது. வார்னிஷ் வெளியிலிருந்து வரும் தூசியையும் கொஞ்சம் ஈரத்தையும் தடுக்கும், அவ்வளவுதான். உங்கள் படத்தைத் தின்றது உள்ளேயிருந்து வந்தது. விதைப் படத்தின் ஆயுள் ஒட்டத் தொடங்கும் முன்பே, பொருளைப் பதப்படுத்தும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும், ஒட்டும் வேலைக்குச் சில நாள் போதும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் இவ்வளவு அழகான வேலைகள் ஒரு வருடம்கூடத் தாங்காமல் குப்பைக்குப் போகின்றன.

முதலில் அந்தத் தூள். பயறு வண்டு செடியில் இருக்கும் காயின் மேலும், சேமித்து வைத்த விதையின் மேலும் முட்டையிடும். புழு விதைத் தோலைத் துளைத்து உள்ளே போய்ப் பருப்பைத் தின்று வளரும். விதை வெளிப்பார்வைக்கு முழுசாகவே இருக்கும். வெப்பமான பருவத்தில் மூன்று நான்கு வாரத்தில் வண்டாகி, வட்டமாகத் துளை போட்டு வெளியே வரும். வந்த வண்டு பக்கத்து விதைகளில் மறுபடி முட்டையிடும். ஆகவே நீங்கள் ஒட்டிய அன்று படம் சுத்தமாகத்தான் தெரிந்திருக்கும். நெற்றுகளிலும் இதே கதைதான். காட்டில் பொறுக்கிய நெற்றில் பூச்சி இல்லை என்று நம்பவே கூடாது.

இதற்கு எளிய, நம்பகமான வழி உறைபெட்டி. விதைகளை நன்றாகக் காயவைத்து, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, பிளாஸ்டிக் உறையில் இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் மூடியபடியே விட்டு, மறுபடி ஒரு வாரம் வைத்தால் இன்னும் நல்லது. குளிரை மெதுவாகச் சந்திக்கும் பூச்சிகளில் சில உறக்க நிலைக்குப் போய்த் தப்பிவிடும். இரண்டாவது முறை அவற்றையும் பிடித்துவிடும். உறையை அறை வெப்பத்துக்கு முழுதும் வந்த பிறகே பிரிக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போதே பிரித்தால் காற்றின் ஈரம் விதை மேல் பனித்துளியாகப் படிந்து, அதுவரை காயவைத்தது வீணாகும்.

சூட்டடுப்பில் (ஓவனில்) 60 முதல் 65 டிகிரி செல்சியஸில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு மணி நேரம் வைத்தாலும் பூச்சி சாகும். பெரிய விதையாக இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், ஏனென்றால் சூடு நடுப்பகுதி வரை போக வேண்டும். ஆனால் எள், சூரியகாந்தி, நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகளுக்கு இது வேண்டாம். எண்ணெய் கசிந்து மேல்தோலில் பரவும், பிறகு எந்தப் பசையும் பிடிக்காது, நாளாக ஆகச் சிக்கு வாடையும் வரும். அவற்றுக்கு உறைபெட்டிதான். சும்மா வெயிலில் காயவைப்பது ஈரத்துக்கு உதவும், விதைக்குள் இருக்கும் புழுவுக்குப் போதாது. அந்துருண்டை போடுவதை முழுதாக விட்டுவிடுங்கள். அதன் புகை உள்ளே இருக்கும் புழுவைச் சரியாக எட்டாது, அறையில் இருப்பவர்களுக்குத்தான் கெடுதல்.

அடுத்தது ஈரம். பொறுக்கும் நேரமே முக்கியம். இரண்டு மூன்று நாள் மழையில்லாமல் இருந்து, பனி வற்றிய உச்சிப் பொழுதில் எடுத்தது வேகமாகக் காயும். குலுக்கினால் விதை உருளும் சத்தம் கேட்கும் நெற்று முற்றியது. கீழே விழுந்ததை எடுப்பதே மரத்துக்கு நல்லது, ஆனால் மண்ணில் நாள் கணக்காகக் கிடந்ததைத் தவிருங்கள். அடிப்பக்கம் பூஞ்சை தொடங்கியிருக்கும். நிழலில், காற்றோட்டத்தில், வலைத்தட்டில் பரப்பி வையுங்கள். போதுமான அளவு காய்ந்ததா என்பதை விரலால் தொட்டு முடிவு செய்யாதீர்கள், எடை போடுங்கள். அடுத்தடுத்த மூன்று நாள் ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் காய்ந்த விதையிலும் பூஞ்சை வரும் என்பதால், வேலை தொடங்கும் வரை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய ஜாடியில் வைத்திருங்கள்.

நெற்றுகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் அவற்றை ஒட்டக் கூடாது. மந்தாரை போன்ற அவரைக் குடும்பத்து நெற்றின் சுவரில் நார்கள் இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று சாய்ந்த திசையில் ஓடுகின்றன. காயும்போது அடுக்குகள் வெவ்வேறு திசையில் சுருங்குவதால் நெற்று வெடித்து இரு பாதியும் திருகு போல் முறுக்கிக்கொள்ளும். மரம் விட்டு வந்த பிறகும் இந்த அசைவு நிற்பதில்லை. ஈரமான நாளில் முறுக்கு தளரும், வறண்ட நாளில் இறுகும். பைன் கூம்பின் செதில்கள் வறண்டால் விரிவதும் நனைந்தால் மூடுவதும் இதே காரணத்தால்தான். ஆகவே நீளமான முறுக்கிய நெற்றை முழு நீளத்துக்கும் பசை வைத்து ஒட்டினால், சில மாதத்தில் தன்னைத் தானே பிய்த்துக்கொள்ளும். நடுவில் ஒரே இடத்தில் எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் வலுவான பசை) வைத்து, இரு முனைகளையும் அசைய விடுங்கள். தட்டையாகவே வேண்டும் என்றால் முறுக்கும் இனத்தை விட்டு, வாகையின் காகிதம் போன்ற நெற்றையோ ஜகரண்டா மரத்தின் வட்டமான நெற்றையோ எடுங்கள்.

உள்ளே சதை உள்ள நெற்றுகள் இன்னொரு வகை. புளி, சரக்கொன்றை, தூங்குமூஞ்சி மூன்றிலும் இனிப்பான பிசின் உண்டு. அப்படியே காயவைத்தால் எறும்பும் பூஞ்சையும் நிச்சயம். புளியங்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி எடை நிற்கும் வரை காயவையுங்கள். சரக்கொன்றையை மெல்லிய ரம்பத்தால் குறுக்காக அறுத்தால் சீரான வளையங்களும் உள்ளே நாணயம் போன்ற தடுப்புகளும் கிடைக்கும். அவற்றையும் கழுவித்தான் பயன்படுத்த வேண்டும். தாமரைப் பொகுட்டைத் தண்டோடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் தண்டு நேராகக் காயும். இரண்டு மூன்று வாரத்தில் விதைகள் குழிக்குள் தனியாக ஆடும். பைன் கூம்பை 95 டிகிரிச் சூட்டடுப்பில் முக்கால் மணி நேரம், அடியில் அலுமினியத் தாள் விரித்து வையுங்கள். பிசின் உருகி மெல்லிய பூச்சாகப் படியும், செதில்களும் விரியும். பிசின் தீப்பற்றும் பொருள் என்பதால் அருகிலேயே நில்லுங்கள். எருக்கு, இலவம் போன்ற பஞ்சு நெற்றுகள் வெடிக்கும் முன்பே முடித்தெளிப்பானை மெல்லியதாக அடித்தால் பஞ்சு பறக்காமல் நிற்கும். இவற்றை விளக்குக்கோ மெழுகுவர்த்திக்கோ பக்கத்தில் வைக்கவே கூடாது.

நச்சு விதைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அழகானவை பலவும் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. குன்றிமணியில் ஏப்ரின், ஆமணக்கில் ரைசின். இரண்டும் மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும் புரதங்கள். தோல் முழுசாக இருக்கும்வரை குன்றிமணியின் நஞ்சு பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டிருக்கும். துளை போடும்போது அந்தத் தடை போய்விடுகிறது, பறக்கும் தூளை மூச்சில் இழுப்பது மிக ஆபத்து. 2011இல் இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட் தாவரப் பூங்கா, தன் கடையில் விற்ற குன்றிமணிக் கைவளைகளை இந்தக் காரணத்துக்காகவே திரும்பப் பெற்றது. சிவப்பு வேண்டுமென்றால் ஆனைக்குன்றிமணி என்னும் மஞ்சாடியை எடுங்கள். ஒரே சீரான சிவப்பு, கரும்புள்ளி கிடையாது, நிறமும் பல வருடம் மங்காது. அரளி, ஊமத்தை விதைகளைக் குழந்தைகள் தொடும் வேலையில் சேர்க்காதீர்கள். ஓட்டோடு கூடிய முந்திரிக் கொட்டையிலும் சேராங்கொட்டையிலும் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. அவற்றை அறுப்பதோ சூடாக்குவதோ கூடாது. பட்டுப் போல மினுக்கும் பூனைக்காலி நெற்றின் ரோமம் ஒட்டிக்கொண்டால் தாங்க முடியாமல் அரிக்கும். பார்த்ததும் கையை நீட்டிவிடாதீர்கள்.

இனி அடிப்பலகை. அட்டை வளைந்ததற்குக் காரணம் வெள்ளைப் பசையின் நீர். ஒரு பக்கம் மட்டும் நனைந்து விரிகிறது, பிறகு காயும் பசை சுருங்கி அந்தப் பக்கத்தையே இழுக்கிறது. உள்ளங்கை அளவு வேலைக்குத் தடித்த அட்டை போதும். 30க்கு 40 செ.மீ. என்றால் 6 மி.மீ. ப்ளைவுட் அல்லது எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு எல்லாவற்றுக்கும் அக்ரிலிக் பிரைமர் ஒரு பூச்சு கொடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டால் பலகையும் வளையும்.

காய்ந்ததும் படத்தை வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் அங்கே வரப்போகும் விதையின் நிறத்திலேயே வண்ணம் தீட்டிவிடுங்கள். கடுகு வரும் இடத்தில் கரும்பழுப்பு, அரிசி வரும் இடத்தில் வெண்மை. எவ்வளவு நெருக்கி ஒட்டினாலும் உருண்டை விதைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அடியில் வெள்ளை தெரிந்தால் படம் முழுதும் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அரை மணி நேர வேலை, ஆனால் படத்தின் தரத்தை இவ்வளவு மாற்றுவது வேறெதுவும் இல்லை.

அளவுக்கு ஒரு கணக்கு: 10 செ.மீ. சதுரத்தை ஒரே அடுக்காக நிரப்பக் கடுகு சுமார் 8 கிராம், அரிசி 20 கிராம், துவரை 40 கிராம் பிடிக்கும். பொறுக்கிக் கழிப்பதற்காகக் கால் பங்கு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறம் வர வேண்டுமானால் தேவையான முழுவதையும் ஒரே குவியலிலிருந்து எடுங்கள். வேறொரு அறுவடையின் விதை நிறத்தில் நிச்சயம் வேறுபடும்.

முகம், விலங்கு போன்ற உருவங்களுக்கு நிறத்தைவிட இருள் ஒளி அளவுதான் முக்கியம். கையில் உள்ள விதைகளை வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஆறு ஏழு படிகளாக அடுக்கி, கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாக விழலாம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உருவம் கரைந்துபோகும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் கண்காட்சியில் 1965 முதல் விதைப் படங்களுக்குத் தனிப் போட்டி நடக்கிறது. அங்கே லில்லியன் கோல்டன் செய்த உருவப்படங்களைப் பார்த்தால், சாயமே ஏற்றாத விதைகளைக் கொண்டு கன்னத்தின் வளைவையும் கண்ணின் ஒளியையும் எவ்வளவு தூரம் கொண்டுவர முடியும் என்பது விளங்கும். அரிசி, வெள்ளரி விதை போன்ற நீள விதைகளுக்குத் திசை உண்டு. தலைமுடி ஓடும் திசையிலோ கன்னம் வளையும் திசையிலோ அவற்றைச் சாய்த்து வைத்தால், நிறத்தை மாற்றாமலே உருவத்துக்குத் திரட்சி வரும்.

ஒட்டும்போது கண், மூக்கு, கோடு போன்ற நுட்பமான இடங்களை முதலில் முடித்துவிட்டு, கோட்டை ஒட்டி உள்பக்கமாக நிரப்பிக்கொண்டே வாருங்கள். பின்னணி கடைசியில். பசையை ஒரே நேரத்தில் 3 செ.மீ. சதுரத்துக்கு மேல் பூசாதீர்கள். சில நிமிடத்திலேயே மேலே ஏடு கட்டிவிடும், அதன் மேல் வைத்த விதை ஒட்டியது போலத் தெரியும், காய்ந்ததும் உதிரும். உங்கள் படத்தில் உதிர்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். மீதிப் பாதி பசையின் தடிமன். உருண்டை விதை பலகையை ஒரே புள்ளியில்தான் தொடுகிறது. விதையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு பசைக்குள் அமிழ்ந்தால்தான் பிடிப்பு வரும். கடுகுக்கு முக்கால் மில்லிமீட்டர், துவரைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பசை பொங்கி விதையின் மேலே ஏறிப் பளபளக்கும். சிறு விதைகளை எடுக்க, பல்குத்தும் குச்சியின் நுனியில் துளி தேன்மெழுகு ஒட்டிக்கொண்டால் போதும். இடுக்கியைவிட வேகமாக வேலை நடக்கும்.

வெள்ளைப் பசை எல்லா விதைக்கும் சரிவராது. திருநீற்றுப்பச்சை, ஆளி, சியா விதைகள் நீர் பட்டவுடன் மேலே கொழகொழவென்று கூழ் கட்டும். அந்தக் கூழ் காயும்போது விதையைச் சுற்றி மங்கலான படலமாக நிற்கும். பயறும் அவரையும் ஈரத்தைக் குடித்துத் தோல் சுருங்கிவிடும். இவற்றுக்கு முதலில் அவலரக்குப் (செதில் வடிவ அரக்கு, ஷெல்லாக்) பூச்சு கொடுங்கள். 100 மி.லி. ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) 10 கிராம் அவலரக்கைப் போட்டு மூடி, ஒரு நாள் அவ்வப்போது குலுக்கினால் கரைந்துவிடும். விதை லேசாக நனையும் அளவு ஊற்றிக் கிளறி, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கக் கால் மணி நேரம் அசைத்துக்கொண்டே காயவையுங்கள். ஸ்பிரிட் ஆவி தீப்பற்றும், சன்னலைத் திறந்து, அடுப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

புளியங்கொட்டை, மஞ்சாடி போல வழவழப்பான விதைகளின் அடிப்பக்கத்தை 220 எண் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கனமான கூம்பு, ஓடு, பொகுட்டு இவற்றுக்கு இருபாக எபாக்ஸி. சூட்டுப்பசைத் துப்பாக்கியைப் பலரும் விரும்புகிறார்கள், விரைவாக நடக்கிறது என்பதால். ஒரு நாள் அலங்காரத்துக்கு அது சரி. சூடேறும் சுவரில் அது இளகும், கடுங்குளிரில் நொறுங்கும், மினுமினுப்பான தோலை விட்டு அப்படியே கழன்றுவரும். நிலைத்திருக்க வேண்டிய வேலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உடனடிப் பசை (சூப்பர் க்ளூ) விதையைச் சுற்றி வெண்மையாகப் பூக்கும். உடைந்த நெற்றை இணைக்கத் துளி அளவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் மங்கியதைப் பற்றிக் கேட்டீர்கள். பச்சைப் பயறின் பச்சை பச்சையத்தால் வருவது. வெளிச்சம் பட்டால் சில மாதங்களிலேயே மஞ்சளாகிப் பழுப்பாகும், எந்தப் பூச்சாலும் அதை நிறுத்த முடியாது. மசூர் பருப்பின் செம்மஞ்சளும் வெளிறும். காராமணி, ராஜ்மா வகைகள் எதிர்த்திசையில் போகும், தோலில் உள்ள துவர்ப்புப் பொருள் காற்றில் மாறி வருடா வருடம் கறுக்கும். நிலைத்து நிற்பவை கடுகு, கறுப்பு எள், புளியங்கொட்டை, மஞ்சாடி, ஆமணக்கின் புள்ளித்தோல். பச்சை கட்டாயம் தேவைப்படும் படத்தில் பயறை நம்பாமல், அரிசிக்குச் சாயம் ஏற்றுங்கள். துணிச்சாயத்தை நீருக்குப் பதில் ஸ்பிரிட்டில் கரைத்து, இரண்டு நிமிடம் நனைத்து, காகிதத்தில் பரப்பினால் அரிசி ஊறி வெடிக்காது. ஆனாலும் சாயம் ஏற்றிய விதை இயற்கை நிறங்களின் பக்கத்தில் துருத்திக்கொண்டு தெரியும் என்பதால், பச்சையே தேவைப்படாத படமாகத் தேர்ந்தெடுப்பது மேல். பழுப்பு, கறுப்பு, வெண்மை, சிவப்பு இவற்றுக்குள்ளேயே போதுமான செல்வம் இருக்கிறது.

மாலைக்கோ தொங்கலுக்கோ துளையிட வேண்டுமானால் 1 மி.மீ. துளைமுனையில், குறைந்த வேகத்தில், விதையைக் களிமண்ணில் பதித்துக்கொண்டு, இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிப் போங்கள். ஒரே பக்கமாகப் போனால் மறுபக்கத் தோல் பெயர்ந்துவிடும். முகக்கவசம் கட்டாயம்.

மேல்பூச்சுக்கு மூன்று நாள் பொறுங்கள். பசையின் ஈரம் முழுதும் போகும் முன் அடித்தால் அது உள்ளே சிறைப்பட்டுப் பூச்சு வெண்மையாக மங்கும். மழை நாளிலும் இதே கெடுதல் வரும். பளபளக்காத (மேட்) அக்ரிலிக் தெளிப்பானை 25 செ.மீ. தள்ளி, இரண்டு மெல்லிய பூச்சாக, நடுவே அரை மணி விட்டு அடிப்பது போதும். பளபளப்பான வார்னிஷ் ஒவ்வொரு விதையிலும் ஒரு வெள்ளைப் புள்ளி ஒளியை உண்டாக்கி, கஷ்டப்பட்டு அடுக்கிய இருள் ஒளிப் படிகளை அழித்துவிடும். எண்ணெய் கலந்த பாலியூரித்தேன் நாளடைவில் மஞ்சளாகும். ரெசின் ஊற்றுவதாக இருந்தால், நெற்றுகளை முன்பே இரண்டு முறை பூசி அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் துளைகளிலிருந்து காற்றுக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும்.

சட்டத்தில் கண்ணாடிக்கும் விதைக்கும் நடுவே குறைந்தது ஒரு செ.மீ. இடம் விடுங்கள். பின்பக்க மூலைகளில் 5 மி.மீ. கட்டைகள் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். குளியலறைச் சுவரிலும் நேர் வெயில் விழும் இடத்திலும் மாட்டாதீர்கள். கண்ணாடி இல்லாமல் வெளியில் வைக்கும் தானிய வேலைக்கு ஆயுள் மிகக் குறைவு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து மிட்செல் நகரில் 1892இல் தொடங்கிய மக்காச்சோள மாளிகையின் சுவர்ப் படங்கள், நீளவாக்கில் பிளந்த மக்காச்சோளக் கதிர்களை ஆணியால் அடித்துச் செய்தவை. பறவைகளும் வானிலையும் விட்டுவைக்காததால் அவற்றைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வேறு நாட்டுக்கு அனுப்பும் வேலையில் உயிருள்ள விதை இருந்தால் தாவரத் தடைக்காப்புத் துறை நிறுத்திவைக்கக்கூடும், உறைபெட்டியில் வைத்த காய்ந்த விதை சாகாது என்பதை நினைவில் வையுங்கள். கழித்துப் போடும் விதைகளைச் சூட்டடுப்பில் கொன்றுவிட்டே எறியுங்கள், பிற இடத்துக் களை உங்கள் வேலையால் பரவக் கூடாது.

இப்போது கையில் இருக்கும் அந்தப் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். சட்டத்தைக் கழற்றி, தூளை மென்மையான தூரிகையால் துடைத்து, துளை விழுந்த விதைகளை ஊசியால் பெயர்த்தெடுங்கள். படத்தை இரண்டு உறைகளில் இறுக மூடி, மட்டமாகப் படுக்கவைத்து, மேலே சொன்னபடி இரண்டு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். குளிர்ந்த பசை சிறு தட்டலுக்கும் விரிசல் விடும், ஆகவே எடுக்கும்போது வளைக்காதீர்கள், முழு ஒரு நாள் தொடாதீர்கள். வளைந்த அட்டையை அழுத்தி நிமிர்த்த முயன்றால் மீதி விதையும் தெறிக்கும். அதன் பின்பக்கத்துக்கு மட்டும் நீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, காயக் காய அதுவே எதிர்ப்பக்கம் இழுக்க விட்டு, கொஞ்சம் நேரானதும் எபாக்ஸியால் ப்ளைவுட்டில் ஒட்டிவிடுங்கள். விதை பெயர்ந்த இடங்களில் அடிவண்ணம் தீட்டி, பதப்படுத்திய புது விதையை வையுங்கள். பச்சைப் பயறு இருந்த பகுதியில் பழுப்பை ஏற்றுக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு படி வெளிறிய விதையை வைத்தால் உருவம் மறுபடி தெளிவாகும்.